தேர்வுக்குப் பின் பதினைந்து நாட்கள்
(தொடக்கப் பிரிவு ஆசிரியைகள்)

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் தொடக்கப் பள்ளி வகுப்பறையின் முகமே மாறிவிடுகிறது. பாடப் புத்தகங்கள் முடிந்துவிட்டன. தேர்வு நெருங்கிவிட்டது, அல்லது முடிந்துவிட்டது. "டீச்சர், இனி என்ன செய்வது?" என்று குழந்தைகள் கேட்கிறார்கள். "இனி எதற்கு அனுப்ப வேண்டும்? பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு எங்கள் விடையே இக்கட்டுரை.

ஆண்டின் இந்தக் கடைசிப் பதினைந்து நாட்களை நாங்கள் வெறும் நாட்களாகக் கருதுவதில்லை. ஆண்டு முழுவதும் படித்ததைக் குழந்தை தன் கையால் செய்து பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. மதிப்பெண் பற்றிய அச்சமும் அப்போது இருப்பதில்லை.

1. மறதியின் கணக்கு

எர்மன் எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மறதியை அளந்து பார்த்து, 1885ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை அடுக்கி அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். சிறிது நேரம் கழித்தும், ஒரு நாள் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் எவ்வளவு நினைவில் நிற்கிறது என்று குறித்துக் கொண்டார். படித்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவிவிடுவதையும், அதன்பின் மறதியின் வேகம் குறைவதையும் கண்டார். ஒருமுறை கற்றதை மீண்டும் கற்க முதலில் ஆன நேரத்தைவிடக் குறைந்த நேரமே ஆனது என்பதையும் அவர் கண்டார். மறந்ததுபோல் தோன்றினாலும் ஏதோ ஒரு தடம் உள்ளே இருக்கிறது. அதைத் தட்டி எழுப்பினால் போதும். பொருள் உணர்ந்து கற்றது பொருளற்ற அசைகளைவிட நெடுநாள் நிற்கும் என்பதை நாம் அனைவரும் அனுபவத்தில் அறிவோம்.

நீண்ட இடைவெளி குழந்தைகளை என்ன செய்யும் என்பதை அண்மைக் காலத்தில் கண்ணாரக் கண்டோம். கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள், தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் விட்டுச் சென்ற குழந்தைகள் மூன்றாம் வகுப்பில் வந்து அமர்ந்தார்கள். எழுத்துகளே பலருக்கு அயலாகியிருந்தன. அந்த இழப்பைச் சரிசெய்யவே 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடங்கப்பட்டன. கோடை விடுமுறை அத்தனை நீண்டதன்று. ஆயினும், அரைகுறையாகக் கற்ற குழந்தைக்கு ஒரு மாத இடைவெளியும் பெரிது.

2. யாருக்கு எது வரவில்லை?

தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளில் எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. பிஞ்சு உள்ளத்தில் 'தோல்வி' என்னும் முத்திரை விழாதிருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் நம் பொறுப்பும் கூடுகிறது. வாசிக்கத் தெரியாத குழந்தையும் அடுத்த வகுப்புக்குப் போகிறாள். அங்கே பாடம் பெரிதாகிறது. சூழ்நிலையியலையும் கணக்கையும் வாசித்துத்தான் அறிய வேண்டும். வாசிப்பு வராதவள் எல்லாப் பாடங்களிலும் ஒருசேரப் பின்தங்குகிறாள். அமைதியான குழந்தையாயிருந்தால் அது பிறர் கண்ணில் படுவதும் இல்லை.

ஆதலால் இறுதி வாரங்களின் முதல் வேலை, ஒவ்வொரு குழந்தையையும் தனியே அருகில் அமர்த்தி மூன்று நிமிடம் வாசிக்கக் கேட்பது. முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு வாக்கியம், பிறகு ஒரு சிறு பத்தி. எந்தப் படியில் தயங்குகிறாள் என்று குறித்துக்கொள்கிறோம். மதிப்பெண் இடுவதில்லை, மற்றவர் முன்னிலையில் திருத்துவதும் இல்லை.

இப்படிக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரே வகைத் தடங்கல்களே தென்படும். 'கொ', 'கோ' இரண்டிலும் துணைக்கால் ஒன்றே; முன்னால் வருவது ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா என்பதில்தான் குறிலும் நெடிலும் வேறுபடுகின்றன. இதைக் காணாமல் வாசிப்பவர் பலர். புள்ளியை விட்டுவிட்டு மெய்யெழுத்தை உயிர்மெய்யாக வாசிப்பவர் சிலர். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக ஒலிப்பவர் சிலர். தடங்கல் இன்னதென்று தெரிந்துவிட்டால், நாளுக்குப் பத்து நிமிடமாகப் பதினைந்து நாள் பயிற்சியில் குழந்தை வெகுவாக முன்னேறுவாள். இக்குறிப்புகளை அடுத்த வகுப்பு ஆசிரியையிடம் நேரில் ஒப்படைப்பது எங்கள் வழக்கம். மதிப்பெண் பட்டியலில் இல்லாத செய்தி அதில் இருக்கும்.

3. கையெழுத்து இதழ்

ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் மடியுங்கள். மீண்டும் மடியுங்கள். மூன்றாம் முறையும் மடியுங்கள். இப்போது எத்தனை ஏடுகள்? எட்டு. ஏட்டுக்கு இரு பக்கமாகப் பதினாறு பக்கங்கள். ஓரங்களை வெட்டி, நடுவில் ஊசி நூலால் தைத்தால் ஒரு புத்தகம் ஆயிற்று. அச்சுப் புத்தகங்களும் பெரிய தாள்களை இவ்வாறு மடித்தே உருவாகின்றன என்று சொன்னால் குழந்தைகளுக்கு வியப்பாக இருக்கும்.

இந்தப் பதினாறு பக்கங்களையும் வகுப்பே எழுதி நிரப்ப வேண்டும். விடுகதை, கதை, படம், ஊர்ச் செய்தி, பாட்டி சொன்ன வைத்தியம் என எதுவும் இடம் பெறலாம். நான்காம் வகுப்புக்கு நாங்கள் தவறாமல் தரும் பணி ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் வீட்டு மொட்டை மாடிகளில் வடகம் காய்கிறதல்லவா? அதை எப்படிப் பிழிகிறார்கள் என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, வரிசை மாறாமல் எழுதி வர வேண்டும். அரிசி மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, உப்பும் மிளகாயும் எப்போது சேர்ப்பது, கூழ் எந்தப் பதத்தில் இறக்குவது, துணியில் எப்படிப் பிழிவது, காக்கைக்கு யார் காவல்? 'முதலில்', 'பிறகு', 'அதற்குள்', 'கடைசியில்' என்ற சொற்கள் இல்லாமல் இதை எழுதவே முடியாது. கட்டுரையில் வரிசை வேண்டும் என்று நாம் பலமுறை சொல்லியும் பதியாத செய்தி, இந்த ஒரே பணியில் பதிந்துவிடுகிறது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால், அவரே அன்று பேத்திக்கு ஆசிரியை ஆகிறார்.

எழுத இயலாத குழந்தைக்கும் இதழில் இடம் உண்டு. அவள் சொல்லச் சொல்லத் தோழி எழுதுவாள். பின்னர் தான் சொன்னதையே அவள் வாசிப்பாள். தன் வாயிலிருந்து வந்த சொற்களாதலால் அவை அவளுக்கு எளிதில் வசப்படும்.

4. கோலமும் கடையும்

பெண் குழந்தைகள் அன்றாடம் காணும் கோலத்தில் கணிதம் நிறைந்திருக்கிறது. நடுவில் ஏழு புள்ளி. இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை? எண்ணிப் பார்த்தால் 25. சரி, 1, 3, 5, 7 ஆகியவற்றை மட்டும் கூட்டுங்கள்: 16. அது 4 × 4. மறுபுறம் எஞ்சிய 1, 3, 5 கூட்டினால் 9. அது 3 × 3. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிய தொகைதான் வரும். ஐந்தாம் வகுப்புச் சிறுமிகள் இதைத் தரையில் புள்ளி வைத்துத் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் அடையும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

'கடன் வாங்கிக் கழித்தல்' என்றாலே முகம் சுளிக்கும் குழந்தைகளுக்கு ஈர்க்குச்சிகள் போதும். பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள். 52இல் 27 போக வேண்டும். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் உள்ளன. ஏழு உதிரி கொடுக்க முடியவில்லை. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. ஏழு கொடுத்தால் ஐந்து மீதம். எஞ்சிய நான்கு கட்டில் இரண்டு கொடுத்தால் இரண்டு கட்டு மீதம். விடை 25. யாரிடமும் கடன் வாங்கவில்லை. நம் கட்டையே நாம் அவிழ்த்தோம் என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

அடுத்து வகுப்பிலேயே ஒரு காய்கறிக் கடை. மேசைகள் கடைகள், தாளில் வரைந்த நோட்டுகள் பணம். 37 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய் நீட்டினால் மீதி எவ்வளவு? கடைத்தெருவில் இருப்பவர் காகிதத்தில் கழித்துப் பார்ப்பதில்லை. "முப்பத்தேழும் மூன்றும் நாற்பது, நாற்பதும் பத்தும் ஐம்பது" என்று சொல்லிக்கொண்டே பதின்மூன்று ரூபாயைக் கையில் வைப்பார். கழித்தலைக் கூட்டலாகவே செய்யும் இந்த முறை, காகிதக் கணக்கில் தடுமாறும் குழந்தைக்குப் பெரிய துணை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இந்தக் கடைச் சுரைக்காய் கணக்குக்கு உதவுகிறது!

ஓய்ந்த நேரத்துக்குப் பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. எங்கிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவளே வெல்வாள்.

5. நிழலில்லா நாள்

நம் மாநிலத்துக் குழந்தைகளுக்கு ஏப்ரல் மாதம் ஒரு பரிசு வைத்திருக்கிறது. "உச்சி வேளையில் சூரியன் தலைக்கு நேராக இருக்கும்" என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். உண்மையில் அது ஓர் ஊரில் ஆண்டுக்கு இரண்டே நாட்களில்தான் நடக்கிறது. அன்று நண்பகலில், நிமிர்ந்து நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். இதையே நிழலில்லா நாள் என்கிறோம்.

தெற்கிலிருந்து வடக்கே இது நாளுக்கு நாள் நகர்ந்து வரும். கன்னியாகுமரியில் ஏறத்தாழ ஏப்ரல் 10, மதுரையில் 16, திருச்சியில் 18, சென்னையில் 24 என்ற அளவில் இது நிகழும். ஒரு நாள் முன்பின் இருக்கலாம். சூரியன் தெற்கே திரும்பும்போது ஆகஸ்டு, செப்டம்பரில் மீண்டும் ஒருமுறை வரும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கே இந்த வாய்ப்பு. தலைநகர் டெல்லிக்கு இது ஒருநாளும் கிட்டாது!

செய்முறை மிக எளிது. சமதளமான இடத்தில் உருளை வடிவான ஒரு டப்பாவை நிறுத்துங்கள். காலை பதினொன்றரை மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். நிழல் குறுகிக் குறுகி வந்து, ஒரு கணம் மறைந்து, மறுபுறம் தலைகாட்டும். கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு அன்று. சென்னையில் ஏறத்தாழ 12 மணி 7 நிமிடம், கன்னியாகுமரியில் 12 மணி 21 நிமிடம் ஆகியிருக்கும். ஏன்? இந்தியா முழுவதும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தையே பின்பற்றுகிறோம். நம் ஊர்கள் அதற்கு மேற்கே உள்ளன. சூரியன் நம்மிடம் சற்றுத் தாமதமாக வருகிறது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதையும், வெயிலில் நெடுநேரம் நிற்கக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த நாள் தவறிவிட்டாலும் நிழல் பயன்படும். ஒரு மீட்டர் கோலின் நிழல் அரை மீட்டராக இருக்கும் வேளையில் வேப்பமரத்தின் நிழலை அளந்தால் 4 மீட்டர். மரத்தின் உயரம்? 8 மீட்டர். மரம் ஏறாமலே அளந்துவிட்டோம்!

6. அக்கா வாசிக்கிறாள், தங்கை கேட்கிறாள்

மேல்வகுப்புச் சிறுமி கீழ்வகுப்புச் சிறுமிக்குச் சொல்லித் தருவது நம் நாட்டின் பழைய வழக்கம். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான் அல்லவா? சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியை 1789 முதல் 1796 வரை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் நடத்தினார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியில் புகுத்தினார். சிறியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அமர்த்தினார். தம் அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. அவர் அளித்த பொருளால் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர்.

ஏப்ரலில் தினமும் இருபது நிமிடம், ஐந்தாம் வகுப்பு அக்கா ஒன்றாம் வகுப்புத் தங்கைக்கு வேப்பமரத்தடியில் கதை வாசிக்கிறாள். தங்கைக்குக் கதை கிடைக்கிறது. அக்காவோ, அதற்காக முந்தின நாளே நாலு முறை வாசித்துப் பார்க்கிறாள். ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தயங்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. எளிய புத்தகத்தை அவள் வெட்கமின்றிக் கையில் எடுக்கலாம். "தங்கைக்காக வாசிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

7. ஆறாம் வகுப்பை நோக்கி

ஐந்தாம் வகுப்பை முடிப்பவர்களுக்குத் தனிக் கவலை உண்டு. இதுவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியை. இனிப் பாடத்துக்கொரு ஆசிரியை. "அங்கே மணி அடித்தால் டீச்சர் மாறிவிடுவார்களாமே, யாரிடம் சந்தேகம் கேட்பது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். இத்தகைய கேள்விகளைத் துண்டுச் சீட்டில் பெயரின்றி எழுதச் சொல்லி, ஆறாம் வகுப்பு அக்காமாரிடம் கொடுக்கிறோம். அவர்கள் கடிதமாகவே விடை எழுதி அனுப்புகிறார்கள். பிறகு ஒருநாள் பிற்பகல் அந்த வகுப்பில் போய் அமர்ந்தும் வருகிறார்கள். அச்சம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

8. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

விடுமுறை என்றால் மகனுக்குத் தெருவில் கிரிக்கெட், மகளுக்குத் தண்ணீர்க் குடமும் தம்பி பாப்பாவும் என்ற நிலை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வீட்டு வேலை பழகுவது நல்லதுதான், மகனும் பழகட்டும். ஆனால் நாளுக்கு அரை மணி நேரம் உங்கள் மகளுக்கே உரியதாக இருக்கட்டும். அந்த நேரத்தில் எந்த வேலைக்கும் அவளை அழைக்காதீர்கள். அவள் நாளிதழின் தலைப்புகளைச் சத்தமாக வாசிக்கட்டும். மளிகைச் சீட்டை அவளே எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். பேருந்தில் போகும்போது ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசிக்கட்டும். இவற்றுக்குக் காசு தேவையில்லை. நீங்கள் அதிகம் படிக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தால் அதுவே பெரிய உதவி.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் அரும்பிய 'செயல்வழிக் கற்றல்' பின்னர் மாநிலமெங்கும் பரவியபோது, "விளையாடிக்கொண்டே இருந்தால் எப்போது படிப்பது?" என்று சில பெற்றோர் கேட்டதுண்டு. கை செய்ததை மனம் எளிதில் விடாது என்பதே எங்கள் விடை.

விடுமுறைப் பயிற்சி (3, 4, 5ஆம் வகுப்புகளுக்கு)

1. நடுவில் ஒன்பது புள்ளி; இருபுறமும் ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை? எண்ணாமல் கூற முடியுமா?

2. ஒழுகும் குழாயின் கீழ் வைத்த 200 மில்லி டம்ளர் 20 நிமிடத்தில் நிரம்புகிறது. ஒரு நாளில் வீணாகும் நீர் எத்தனை லிட்டர்? அது உங்கள் வீட்டில் எத்தனை குடம்?

3. உங்கள் பாட்டியோ தாத்தாவோ சிறுவயதில் விளையாடிய ஒரு விளையாட்டைக் கேட்டறிந்து, அதன் விதிகளை வரிசையாக எழுதுக.

4. பச்சைப் பயற்றை ஓர் இரவு ஊறவைத்து ஈரத் துணியில் கட்டி வைத்து, முளை வருவதை நாள்தோறும் வரைக.

5. உங்களைவிடச் சிறிய ஒரு குழந்தைக்கு ஐந்து கதைகள் வாசித்துக் காட்டுக. அவளுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன் என்று கேட்டு எழுதுக.

எழுதியதை ஒரு நோட்டில் தைத்து, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் புதிய வகுப்பு ஆசிரியையிடம் கொடுங்கள். அவர்கள் உங்களை அறிந்துகொள்ள அதுவே முதல் வழி.